கையெழுத்துப் போடாத பாடம்

1. கேரள எல்லையில் உள்ள பாறசாலையில் இருந்து குன்னத்துகால் பஸ் கிளம்பியது.
2. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவளின் மடியில் ஒரு பள்ளி நோட்டு இருந்தது.
3. அவள் சொன்னாள்: "எக்கா, நானும் என் மோளும் இப்போ ஒரே பெஞ்சுலயாக்கும் படிக்கோம்."

மூத்தவள் சிரித்தாள். "உனக்கு எதுக்கு மக்கா பெஞ்சு?"

"மோளு தினமும் பாடம் வாசிக்கதைக் கேட்டு, நோட்டுல கையெழுத்துப் போடணும்னு டீச்சர் சொன்னாவ. நானும் கேட்டுக் கேட்டுப் போட்டேன். அவ படத்தைப் பாத்து கதை விட்டிருக்கா! ஒரே பக்கம்தான். ஒரு நாள் ஆனை கெணத்துல விழுந்துது, மறுநாள் அதுக்குக் கல்யாணம்."

"கல்யாணத்துக்கு உன்னை விளிச்சாளா?"

"சிரிக்காதீங்க எக்கா. அவ பாடம் மலையாளமாக்கும், எனக்கு அது பேசத்தானே தெரியும், வாசிக்கத் தெரியாதே. எங்க வாசகசாலையில சாயங்காலம் பிள்ளையளுக்கு எழுத்து சொல்லிக் குடுக்காவ. அவளைக் கொண்டு விடப் போனேன், நானும் இருந்துட்டேன்."

"சின்னப் பிள்ளையளுக்கு நடுவுலயா? நாணம் இல்லியா?"

"உண்டு. அதுக்காவ எந்திரிச்சு வருவேனா?"

"எத்தனை எழுத்து படிச்சே?"

"பதினெட்டு."

"அப்போ நோட்டுல கையெழுத்து?"

"போடல்ல. அதுக்குத்தான் டீச்சர் இன்னைக்கு விளிச்சிருக்காவ. அந்த ஆனைப் பக்கத்தை நானே வாசிச்ச பிறகு போடுதேன்னு சொல்லப் போறேன்."

பள்ளிக்கூட நிறுத்தத்தில் அவள் நோட்டோடு இறங்கினாள்.

இப்போதைய நிலவரம்: அவளுக்குப் பதினெட்டு எழுத்துகள் தெரியும். யானைப் பாடத்துக்கு இன்னும் கையெழுத்து விழவில்லை.