வக்கீல் அல்லாத எங்கள் ஜெயஷீலா அம்மையார்

கரையோரப் பெண்கள் மையத்தின் கண்ணாகவும் காவலாகவும் விளங்கி இன்று பணிநிறைவு பெறும் பண்பாளரே, நாசரேத்தில் பிறந்து, மில்லர்புரத்தில் வாழ்ந்து, வேம்பார் முதல் பெரியதாழை வரை பேருந்திலேயே அலைந்து செருப்புத் தேய்த்த செயல்வீரரே, ஜெயஷீலா அம்மையீர், வணக்கம்!

இதற்குமேல் தங்களை நோக்கிப் பேச எங்களுக்கு அனுமதி இல்லை. முதலில் இந்த வாழ்த்து மடலில் 'சட்டக் கடலே' என்றுதான் எழுதியிருந்தோம். அதைக் கேட்டதும் அம்மையாரின் முகம் கறுத்துவிட்டது. "என்னயப் பாத்து வாசிக்காதிய, சனத்தப் பாத்து வாசிங்க. பேச்சிச்செல்விக்கு நான் செஞ்சதையும் சேத்து வாசிங்க. இல்லன்னா மடலே வேண்டாம்" என்றார். ஆகவே அவையோரே, அவர் கதையை உங்களிடம் சொல்கிறோம்.

நாற்பத்தைந்து வயதில் அவர் வழக்கறிஞர் அல்லாதோருக்கான முதுநிலைச் சட்டப் படிப்பில் சேர்ந்தார். "இனிமே கோர்ட்டுக்கா போவப்போற?" என்று கணவர் செல்வதுரை கேலி பேசினார். அந்தப் படிப்பு வாதாடும் உரிமை தராது; நம்மிடம் வரும் காகிதம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் போதும் என்பது அம்மையாரின் எண்ணம். அந்தப் படிப்பால் மையத்தின் விதிகளைத் திருத்தி எழுதினார். பதிவு காலாவதியாகாமல் காத்தார். வேலையிடத்தில் தொல்லைக்கு ஆளான பெண்கள் யாரிடம், எப்படிப் புகார் தருவது என்று சொல்லித் தந்தார். அறிவும் அன்பும் ஒருசேர அமைந்த அவரை உப்பளத்துப் பெண்கள் 'வக்கீலம்மா' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பெயர் அவருக்கு இனித்தது. மறுக்க வாய் வரவில்லை.

வேம்பார் உப்பளத் தொழிலாளி பேச்சிச்செல்வியின் வீட்டு மனைமேல் ஒருவர் வழக்குப் போட்டார். நீதிமன்ற அழைப்பாணையோடு மையத்துக்கு வந்த பேச்சிச்செல்விக்கு அதை வரி பிசகாமல் விளக்கிய அம்மையார், "நான் பாத்துக்கிடுதேன்" என்றார். இலவசச் சட்ட உதவி வக்கீலிடம் சொல்லிவைப்பதைத்தான் அப்படிச் சொன்னார், சொல்லியும் வைத்தார். பேச்சிச்செல்வி போய் அந்த வக்கீலுக்கு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார் என்று இவர் இருந்தார். வக்கீலம்மாவே வாதாடுவார் என்று அவர் இருந்தார். விசாரணை நாளில் பெயர் கூப்பிட்டபோது நிற்க ஆளில்லை, ஒருதலைத் தீர்ப்பு ஆகி வீடு போயிற்று.

"நீங்க கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு நிப்பியன்னுதான நான் உப்பு வாரப் போனேன், வக்கீலம்மா." பேச்சிச்செல்வி சொன்னது இவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்பார் அம்மையார்.

மனுப் போட்டுத் தீர்ப்பை ரத்துசெய்து வீட்டை மீட்பதற்குள், அந்தக் குடும்பம் இரண்டு மழைக்காலத்தை அக்காள் வீட்டுத் தாழ்வாரத்தில் கழித்தது. வீடு போன ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு அம்மையாரின் மில்லர்புரம் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கவில்லை. பேச்சிச்செல்விக்கு வீடு திரும்பக் கிடைத்தும் அம்மையாரின் வெட்கம் தீரவில்லை. இன்றுவரை அந்தத் தெருவில் அவர் தலை குனிந்தே நடக்கிறார்.

அதன்பின் எந்த ஊர்க் கூட்டத்திலும் அவருடைய முதல் பேச்சு ஒன்றுதான்: "நான் வக்கீல் இல்ல. வக்கீல்கிட்ட எப்பப் போவணும்னு எனக்குத் தெரியும், அவ்வளவுதான்." சொன்னதோடு விடாமல், வந்த பெண்ணைக் கையோடு கூட்டிப்போய் வக்கீல் முன் உட்காரவைத்த பிறகே ஊர் திரும்புவார்.

பட்டம் எதுவும் சூட்ட முடியாமல் திகைத்த நாங்கள் பேச்சிச்செல்வியிடமே போய்க் கேட்டோம். உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "வக்கீல் இல்லன்னே போடுங்க. அத அவிய வாயால சொன்னப்பொறவுதான் நாங்க அவியள முழுசா நம்புனோம்." மடலின் தலைப்பு வந்த வழி இதுதான்.

அம்மையீர், ஒரேயொரு முறை தங்களை நோக்கிச் சொல்ல மன்னியுங்கள். நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள், நாங்கள் தடுமாறும்போது தொலைபேசியை எடுங்கள். இப்போது பேச்சிச்செல்வி மேடைக்கு வருகிறார். தங்களைத் தலை குனியவைத்த சட்டம் ஒன்று. அவர் கையில் இருப்பது இந்த மடலை மாட்டிய மரச் சட்டம். இதையாவது தலை நிமிர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
வக்கீல்கள் அல்லாத
மையப் பணியாளர்கள்,
தூத்துக்குடி