தோல் வியாதின்னு ஒரு சர்டிபிகேட்

டாக்டர்: ...இதுல எங்க சார் தோல் வியாதி? கழுத்துப்பட்டை சதைக்குள்ள போயிருக்கு.

நாய்க்காரர்: அதை நீங்கதான் தோல் வியாதின்னு எழுதணும். அதுக்குத்தானே வந்திருக்கேன்.

டாக்டர்: ரொம்ப நல்லா இருக்கு நியாயம். அம்மா, தலையைப் பிடிச்சுக்கோங்க... கடிக்காது. பாவம், அதுக்கு ஏது தெம்பு.

கண்ணாடியம்மா: பிடிச்சுட்டேன். இந்தப் பட்டையை எப்போ மாட்டினீங்க?

நாய்க்காரர்: குட்டியா இருக்கறப்போ.

கண்ணாடியம்மா: அப்புறம் தளர்த்தவே...

நாய்க்காரர்: எதுக்கு? பிள்ளைக்குச் சட்டை எடுக்கற மாதிரி வருஷா வருஷம் நாய்க்குப் பட்டை வாங்கணுமா?

டாக்டர்: உங்க சட்டை மட்டும் புதுசா இருக்கே.

நாய்க்காரர்: கிண்டலா? நான் ஒருநாள்கூட கைநீட்டி அடிச்சதில்ல. மொட்டை மாடியில தண்ணித்தொட்டி பக்கத்துல கட்டிப் போட்டேன், அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரிக்கு வேற வேலை இல்ல, போட்டோ எடுத்து மிருகவதைத் தடுப்பு ஆபீசுக்கு அனுப்பிட்டா. நேத்து நோட்டீஸ். நாளைக்கு விசாரணை.

டாக்டர்: என்ன தண்டனைன்னு போட்டிருந்தாங்க?

நாய்க்காரர்: அதையெல்லாம் யாரு படிச்சா? ஒரு நாய்க்காக மனுஷனை உள்ள தள்ளிடுவாங்களாக்கும்.

கண்ணாடியம்மா: ரொம்ப தைரியம்தான் உங்களுக்கு...

நாய்க்காரர்: அனுபவம்மா. இதுக்கு முன்னாடி ஒரு கறுப்பு நாய். வெயில்ல கிடந்து செத்துப்போச்சு. அதுக்கும் கூப்பிட்டாங்க. அபராதம் கட்டினேன், வெளிய வந்து ஜில்லுனு ஒரு ஜூஸ் குடிச்சேன்.

கண்ணாடியம்மா: எப்போ இது?

நாய்க்காரர்: ரெண்டு வருஷம் இருக்கும். பழைய ஊர்ல. இங்க யாருக்குத் தெரியப்போகுது?

டாக்டர்: ம்... அசையாம பிடிங்கம்மா, வெட்டறேன்... வந்துடுச்சு. பாருங்க சார், முடியும் சீழுமா உங்க பட்டை. வேணுமா?

நாய்க்காரர்: சீ, தூரப் போடுங்க.

டாக்டர்: அம்மா, அதைக் கவர்ல போட்டு ஒட்டிடுங்க.

நாய்க்காரர்: குப்பைக்கு எதுக்குக் கவரு... சரி, சர்டிபிகேட்?

டாக்டர்: ஒரு நிமிஷம்... எழுதியாச்சு, இந்தாங்க. வாய்விட்டுப் படிங்க.

நாய்க்காரர்: 'இறுகிய பட்டையால் ஆழமான காயம். பல மாதங்களாகக் கவனிக்கப்படவில்லை...' யோவ், நான் கேட்டது என்ன, நீ எழுதினது என்ன? கிழிச்சுப் போட்டுடுவேன்.

டாக்டர்: தாராளமா கிழிங்க. அது நகல். ஒரிஜினல் அம்மா கையில இருக்கு.

நாய்க்காரர்: உங்க நர்சுகிட்ட அது எதுக்கு... ஏம்மா, குடு இப்படி.

டாக்டர்: இவங்க இங்க நர்சுன்னு நான் சொன்னேனா?

நாய்க்காரர்: பின்ன... யாரு?

கண்ணாடியம்மா: உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினவ. நோட்டீஸ் கிடைச்ச மறுநாளே உங்களை மாதிரி ஆளுங்க சர்டிபிகேட் கேட்டு இங்கதான் ஓடி வருவாங்க, அதான் காலையிலேயே வந்துட்டேன். முதல் தடவைன்னு நெனச்சு வெறும் அபராதம்தான் கேக்கறதா இருந்தேன். மூணு வருஷத்துக்குள்ள ரெண்டாவது தடவைன்னா ஜெயில். அதை உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. சங்கிலியை விடுங்க, நாய் என்கூட வருது.