பதினைந்து விநாடி அலறல்

விளக்கைப் போட வேண்டாம். இருட்டு இருக்கட்டும்... இது என் நண்பன் ரெமோவின் அக்கா ஓர்னெல்லாவுக்கு நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பாதியில் போனால் தனியாகத்தான் படியிறங்க வேண்டும்.

இரவு ஒன்றே முக்கால். டைபர் ஆற்றோரச் சாலை. மழை விட்டிருந்தது. ஈ காக்கை இல்லை. ஓர்னெல்லா காரை நிறுத்திவிட்டு டப்பிங் கூடத்துக்குள் போனாள். தரைக்குக் கீழே முப்பது படி. ரோமில் அந்தக் காலத்தில் படங்களை ஊமையாக எடுத்துவிட்டுக் குரலைப் பிறகுதான் சேர்ப்பார்கள். அதில் அவள் புலி. பதினெட்டு வருடத்தில் ஒரு உதட்டசைவுகூடத் தவறியதில்லை.

அது ஒரு பேய்ப் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் ஆற்றில் மூழ்கிச் செத்தவள் பேயாக வந்தாள். இரண்டாம் பாகத்தில் அந்தப் பேய், முதல் பாகத்துக்கு டப்பிங் பேசியவளைத் தேடிக்கொண்டு திரையை விட்டே வெளியே வருகிறது. முதல் பாகத்துக்குப் பேசியது நிஜத்தில் ஓர்னெல்லாதான். அந்தக் காட்சியைப் படம் பிடித்ததும் அதே கூடத்தில். எடுத்தவர்களுக்குக் கொழுப்பு... வேறென்ன?

காட்சி பதினைந்து விநாடி. பிலிம் துண்டின் இரு முனைகளையும் ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டார்கள். டக்... டக்... டக்... திரையில், டப்பிங்காரியாக நடிக்கும் நடிகை மைக் முன்னால் நிற்கிறாள். முதுகுக்குப் பின்னால் மூடிய கதவு. வாயைத் திறந்து அலறுகிறாள், சத்தமில்லாமல். அந்த வாயசைவுக்குள் ஓர்னெல்லா தன் அலறலைப் பொருத்த வேண்டும்.

"நீ முந்திட்டம்மா. இன்னொண்ணு," என்றார் டைரக்டர் குவால்தியேரோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

நாலாவது சுற்றில் அலறல் உதட்டசைவை நெருங்கியது. திரையில் அந்தக் கதவு... ஒரு விரல் அளவு திறந்திருந்தது. ஏழாவது சுற்றில் இன்னும் நெருங்கியது. கதவு ஒரு சாண் திறந்தது.

"துல்லியோ, அந்தக் கதவைப் பாரு. திறக்குது."

சவுண்டு பார்க்கும் துல்லியோ பிலிமைக் கழற்றி விளக்கில் பிடித்தான். "மூடித்தான் இருக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு எத்தனை கிளாஸ் ஊத்துனே?"

மறுபடி சுற்றியது. ஆற்றுச் சேற்று வாடை. பிடரியில் ஈரக் காற்று. அவளுக்குப் பின்னால் இருந்த நிஜக் கதவு... க்ரீச். டப்பிங் பேசுகிறவர்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். அவளும் எடுக்கவில்லை. அப்போதுதான் புரிந்தது... அலறல் உதட்டில் அச்சாக உட்காரும் நொடியில் அது உள்ளே வந்துவிடும்.

அடுத்த சுற்றில் வேண்டுமென்றே பிந்தி அலறினாள். கதவு சாத்திக்கொண்டது. வாடை போயிற்று.

"மாதாவே! நல்லா வந்துட்டிருந்துச்சு, இப்பப் போய் சொதப்புறியே. வெள்ளிக்கிழமை ரிலீஸும்மா!"

"என்னால முடியாது டைரக்டர். வேற யாரையும் இதுக்கு நிக்க வைக்காதீங்க. அந்த சீனையே வெட்டிடுங்க."

"சரி, சரி. நீ போய்த் தூங்கு."

முப்பது படியையும் ஓடியே ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணி. நல்ல வெயில். சமையலறையில் ரெமோவுக்குக் காபி ஊற்றிக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னாள். தப்பித்துவிட்டேன் என்று சிரித்தாள். அதே நேரம் எடிட்டிங் மேசையில் குவால்தியேரோ அவளுடைய கடைசி அலறலைக் கையில் எடுத்திருந்தார். கொஞ்சம்தானே பிந்தியிருக்கிறது... மூன்று பிரேம் முன்னால் தள்ளினார். அச்சாக உட்கார்ந்தது.

ஓர்னெல்லா பேச்சை நிறுத்தினாள். எதையோ மோப்பம் பிடித்தாள். வாயைத் திறந்தாள்... சத்தம் வரவில்லை.

இப்போது அவள் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். பதினைந்து விநாடிக்கு ஒருமுறை வாய் திறந்து மூடுகிறது. தூங்கும்போதும். டாக்டர்கள் நரம்புக் கோளாறு என்றார்கள். சொந்தக் குரலைக் கேட்டாலாவது தெளிவாளோ என்று, பாவம் ரெமோ, அந்த அலறலைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து ஒரு கேசட்டில் கொண்டுபோனான். அவள் காதருகே வைத்து ஓடவிட்டான்.

ஒரு உதட்டசைவுகூடத் தவறவில்லை.

சட்டென்று டேப்பை நிறுத்தினான். அவள் வாய் திறந்தபடி பாதியில் நின்றது... மூச்சும் நின்றது. பதறி மறுபடி ஓடவிட்டான்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அந்த டேப் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.