கொழும்பு நாகமரம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடம், தூத்துக்குடித் துறைமுகத்தில் கொழும்புக் கப்பலுக்கு நின்ற வரிசையில் என் காதில் விழுந்தது இது. வழியனுப்ப வந்த பெண் ஒருத்தி, பெட்டியோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னாள்:

“கொழும்புல எங்க கோயில் கல்லறைத் தோட்டத்து நாகமரம் பூத்திருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி.”

“நம்ம ஊர்ல இல்லாத பூவா தங்கச்சி?”

“ஜப்பான்காரன் குண்டு போடுதான்னு நாங்க கொழும்ப விட்டு ஓடி வந்தோம்லா, அதுக்கு முந்தின வருசம் எம்புள்ளய அந்த மரத்தடியிலதான் அடக்கம் பண்ணினோம். காலையில பூசை முடிஞ்சதும் அங்கன போயி உக்காந்துருப்பேன். குழிமேடு பூராவும் வெள்ளை வெளேர்னு பூ உதிர்ந்து கெடக்கும். அவ்வளவு வாசம்.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, “ரெண்டு பூ எடுத்துட்டு வாரேன்” என்றார்.

“வேண்டாம் அண்ணாச்சி. அது அவனுக்குள்ளது.”