ஜெபசிங் கேட்ட ஒரு நாள் கடையடைப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் வியாபாரிகள் சங்கத் தலைவர் தாமோதரன் அவர்களே, சிறுசேரியிலிருந்து வந்திருக்கும் அலுவலக நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் ஜெபசிங்கின் மனைவி, தங்கச்சி ஜாக்குலின் அவர்களே, செங்கல்பட்டு மார்க்கெட்டின் வியாபாரப் பெருமக்களே! அரிசி மண்டி ஷேக் தாவூத் பேசுகிறேன். தலை நிமிர்ந்து பேச வரவில்லை.

பின்னால் பேனரில் "கணினிச் செம்மல் ஜெபசிங்" என்று போட்டிருக்கிறோம். உயிரோடு இருந்தவரை அவரை எப்படிக் கூப்பிட்டோம்? "கம்ப்யூட்டர்காரரே, பிரிண்டர் மக்கர் பண்ணுது, வாங்க!" அவ்வளவுதான்.

சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, கூடுவாஞ்சேரியில் வீடு. சனிக்கிழமையானால் ரயிலேறி இங்கே வந்துவிடுவார். நாம் திருட்டு சாஃப்ட்வேரில் ஓட்டிக்கொண்டிருந்ததைத் தூக்கிவிட்டு, எல்லோருக்கும் பொதுவான லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவர் யார்? ஜெபசிங்! எடைமெஷினைப் பில்லோடு இணைத்தவர் யார்? ஜெபசிங்! கூலி கேட்டாரா? ஒரு நாளாவது கேட்டாரா?

கேட்டது ஒன்றே ஒன்று. கெர்னலை மாற்ற வேண்டும் என்றார். லினக்ஸுக்கு அடிப்படையே அதுதான். மற்றதெல்லாம் அதன் மேல்தான் ஓடுகிறது. பழைய கெர்னலில் ஓட்டை இருக்கிறது, வெளியாள் நுழைந்துவிடுவான் என்று புதியதை ஏற்றியும் வைத்துவிட்டார். ஆனால் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால்தான் புதியது வேலைக்கு வரும். எடைமெஷின் அதோடு ஒத்துப்போகிறதா என்று கடைகடையாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நாள் மார்க்கெட்டை மூடச் சொன்னார்.

நம் மார்க்கெட்டில் கம்ப்யூட்டரை அணைக்கும் வழக்கம் உண்டா? ஷட்டரை இறக்கினாலும் அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்தால் வியாபாரமே அணைந்துவிடும் என்று நமக்கு ஒரு பயம்!

"இன்னா பாய், ஒரு நா மூடினா குடியா முழுகிடும்? நான் கூட கீறப்பவே பாத்துக்கலாம்" என்பார்.

"தீபாவளி போகட்டும் நைனா" என்பேன். பிறகு கிறிஸ்துமஸ் என்றேன். பொங்கல் என்றேன். ரம்ஜான் என்றேன். பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்று மேலே வந்தவன் நான். லாபம் இல்லாத இடத்தில் நிற்கத் தெரியாது.

போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்தன்று முழுக் கடையடைப்பு என்று சங்கம் அறிவித்தது. அவருக்காகக் கம்ப்யூட்டரும் ஓயட்டும் என்று மெயின் சுவிட்சையே இறக்கினோம். அவர் கேட்ட அந்த ஒரு நாளைக் கொடுத்துவிட்டோம், அவர் செத்த பிறகு!

அதையாவது ஒழுங்காகக் கொடுத்தோமா? மதியம் மாமல்லபுரம் ஓட்டல்களுக்கு லோடு ஏற்ற லாரி வந்தது. என் ஷட்டரைப் பாதி தூக்கி, மெயினைப் போட்டேன். கம்ப்யூட்டர் புதிய கெர்னலில் எழுந்தது. எடைமெஷின் அசையவில்லை, பில் வரவில்லை. பக்கத்துக் கடை பிரவின்குமார் குனிந்து உள்ளே வந்தார்.

"அவர் வூட்டுக்குப் போன் போடு பாய். லாரி நின்னுகினு கீது."

போட்டேன். அங்கே ஜெபப் பாட்டு கேட்டது. தங்கச்சிதான் எடுத்தார்.

"பாய், வந்துகினு கீறீங்களா? எடுக்கறதுக்குள்ள வந்துடுங்க."

"வரோம்மா... ஒரு சின்ன விஷயம்."

கேட்டேன். ஆமாம் பெருமக்களே, கேட்டேன்!

பாட்டுச் சத்தம் தள்ளிப் போனது, தங்கச்சி வெளியே வந்திருக்க வேண்டும். பிறகு சொன்னார்: "ஷிஃப்ட்ட அமுக்கிக்கினே ஆன் பண்ணுங்க. பழைய கெர்னல் பேரு வரும், அத்த எடுங்க. நான் ஆபீஸ்ல மாட்டிக்கினா நீ சொல்லிடுன்னு அவர்தான் சொல்லிக் குடுத்தாரு."

எடைமெஷின் ஓடியது. லாரி போனது. நாங்கள் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது.

இன்றைக்கும் அந்தப் பழைய கெர்னலில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இன்றோடு அது போகட்டும். ஜெபசிங்கோடு வேலை பார்த்த சிநேகா அதற்காகவே வந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் யாரும் வியாபாரத்துக்கு ஷட்டரைத் தூக்கக் கூடாது. கடைப் பையன்களை அனுப்பிவிட்டு ஒதுங்காமல், முதலாளிகளே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். இனி மாதம் ஒரு திங்கட்கிழமை மார்க்கெட் மூடும். கம்ப்யூட்டர்களை அணைத்துப் போட்டுச் சரிபார்ப்போம். லாரி வந்தாலும் சரி, கப்பலே வந்தாலும் சரி!

தங்கச்சி, உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. என் நம்பர் உங்கள் போனில் வந்தால் எடுக்காதீர்கள். இனி உங்களுக்கு ஒன்று என்றால் நான் வாசலுக்கு வந்து நிற்கிறேன்.