அவுக போனுக்கு வந்த கால்

மும்பை வடாலாவில் ரயில் ஏறியபோது பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே அக்காவும் தங்கையுமாக இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அக்கா சொன்னது என் காதில் விழுந்தது.

"நேத்து அவுக போனுக்கு ஒரு கால் வந்துச்சுட்டி."

"அத்தான் தவறி ரெண்டு வருஷமாச்சேக்கா! அந்தப் போனை இன்னுமா வச்சிருக்க?"

"சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். மணி கழுத்துத் தகட்டுல அவுக நம்பர்தான இருக்கு."

மணி என்பது அக்கா வீட்டு நாய். கணபதி ஊர்வலத்து வெடிச்சத்தத்தில் மிரண்டு தாராவியிலிருந்து ஓடிவிட்டதாம். நான்கு நாளாகத் தெருத்தெருவாகத் தேடியிருக்கிறார்கள்.

"யாருக்கா கூப்பிட்டது?"

"செம்பூர்ல காய்கறி விக்கிற மராத்திக்காரம்மா. 'பாபி, ஆப்கா குத்தா?'ன்னு, உங்க நாயான்னு கேட்டா. அவ கடை முன்னால படுத்திருந்துச்சாம். உடனே ஆட்டோ பிடிச்சுப் போனேன். என்னையக் கண்டதும் ஒரே தாவு! சேலையெல்லாம் சேறு."

தங்கை சிரித்துவிட்டு, "இனியாவது உன் நம்பரைப் போடுக்கா" என்றார்.

"காலையிலயே புதுத் தகடு மாட்டியாச்சு. முன்பக்கம் என் நம்பரு."

"அப்போ அத்தான் நம்பரு?"

"பின்பக்கம் இருக்கு. அவுக வளத்த புள்ளல்லா அது."