திருடன் அணைத்த அடுப்பு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: “திருட வந்தவன்தான் எங்க வூட்டயே காப்பாத்தினான்.”

“இன்னாக்கா சொல்ற?”

“திருவக்கரை கோயிலுக்குப் போயிருந்தோம். எங்க வூட்டுக்காரரு வெந்நி வெச்ச கேஸ் அடுப்ப அணைக்காமலே வந்துட்டாரு. திரும்பி வந்து பாத்தா பூட்டு ஒடஞ்சி கெடக்குது, குண்டான் கருகிக் கெடக்குது, அடுப்பு மட்டும் திருகி அணைச்சிருக்குது. நகைய எடுத்துக்கினு போனவன்தான் அணைச்சிருக்கான். அப்பறம் போலீசு அவன புடிச்சி கேஸு போட்டாங்க.”

“இத கோர்ட்டுல சொன்னியா?”

“கூண்டுல ஏறியே சொன்னேன். இன்னிக்கித் தீர்ப்பு. பூட்ட ஒடச்சது குத்தம்தான், ஆனா பகல்ல வந்திருக்கான், யாரையும் தொடல, நகையும் கெடச்சிருச்சி, இதுக்கு முன்ன கேஸ் இல்ல, அடுப்பையும் அணைச்சிருக்கான்னு எல்லாத்தையும் பாத்து ஜட்ஜய்யா ஒரு வருஷம்தான் குடுத்தாரு.”

“பரவால்லியே. மாமாவுக்கு?”

“அவருக்கு நான் குடுத்துட்டேன். ஆயுசுக்கும் அடுப்பாண்ட வரக்கூடாது.”

அதற்கும் முன்சீட்டில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அவர் கணவர் திரும்பாமலே சொன்னார்: “நான் அப்பீலுக்குப் போகல.”